உலாவியிற் கையொப்பம்

காணி உறுதி ஒன்று முடிக்கப்படும்போது நொத்தாரிசு கந்தோரிலே நடப்பதை எமது வாசகரிற் பெரும்பாலார் கண்டிருப்பர். உறுதியை எழுதுபவர் ஒருவர். அதனை உரத்து வாசித்துப் பொருள் விளக்குபவர் ஒருவர். கேட்டு உடன்பட்டுக் கையொப்பமிடுபவர் ஒருவர். ஈற்றிலே அதனைப் பதிந்து வைக்கும் காணிப் பதிவகம் ஒன்று. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிற்க வேண்டுமென விதித்தது வெறுஞ் சடங்கிற்காக அன்று. வாசிக்க அறியாத ஒருவரின் பெருவிரலைப் பிடித்து மையிற் தோய்த்து, அவர்தம் தோட்டத்தைத் தம் பெயருக்கு எழுதுவித்துக் கொள்வார் அக்காலத்தும் இருந்தனர், இக்காலத்தும் உளர்.

இக்காலத்து உறுதிகள் சில கடதாசியில் எழுதப்படுவதில்லை. கணினித் திரையிலே ஒரு பக்கம் திறக்கிறது. அதில் ஒரு பொத்தான். அதனை அழுத்தியதும் மூலையிலே சிறு பெட்டி ஒன்று தோன்றி, 'உறுதிப்படுத்துக' அல்லது 'மறுக்க' என இரண்டு வழி காட்டுகிறது. முதலாவதைத் தொட்டவுடன் ஆயிரமாயிரம் கணினிகளில் ஒருங்கே வைக்கப்படும் பேரேடு ஒன்றில் எமது பொருள் பிறருடையதாகிறது. புளொக்செயின் என வழங்கும் அப்பேரேட்டைப் பற்றி ஈண்டு விரிக்கப் புகவில்லை. அப்பேரேட்டின் சந்நிதானத்திலே உறுதியை எழுதுபவர் யார், வாசிப்பவர் யார், கையொப்பமிடுபவர் யார் என்பதையே ஆராயப் புகுகின்றோம். இவ்வகைப் பேரேடுகளுள் 2015 ஆம் ஆண்டு யூலை மாதம் 30 ஆந் திகதி தொடங்கிய எதீரியத்தையே எடுத்துக்கொள்வாம். உலாவிப் பக்கங்களைப் பணப்பைகளோடு இணைக்கும் கலை பெரிதும் வளர்ந்தது அதனிடத்திலேயே.

பணப்பை என்னும் பெயர் சற்றே மயக்கந் தருவது. அதனுள்ளே பணம் இல்லை. இன்னார்க்கு இவ்வளவு என்னும் கணக்குப் பேரேட்டிலேயே கிடக்கின்றது. பணப்பைக்குள் இருப்பது ஓர் எண் மாத்திரமே. 256 துவித இலக்கங்கள் கொண்ட மிகப் பெரிய எண். அதுவே இரகசியத் திறவுகோல். அதிலிருந்து கணித முறையாற் பகிரங்கத் திறவுகோல் பிறக்கின்றது. பகிரங்கத் திறவுகோலிலிருந்து 40 பதினறும இலக்கங்கள் கொண்ட முகவரி பிறக்கின்றது. முன்னிருந்து பின் செல்லுதல் எளிது. முகவரியைக் கொண்டு திறவுகோலை அறிதலோ இன்றுள்ள கணினிகளால் ஆகாதது. அவ்வெண் பிறக்கும் மூலத்தை மனிதர் எழுதி வைத்தற்கு இலகுவாக, 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களாக மாற்றித் தரும் முறை 2013 இல் வகுக்கப்பட்டது. அச்சொற்களை அறிந்தவர் எவரோ அவரே உரிமையாளர். பேரேட்டுக்கு ஆள் அடையாளந் தெரியாது. மேன்முறையீட்டுக்கு மேலதிகாரியும் இல்லை.

ஆதலின் முதல் விதி தானே பெறப்படும்: திறவுகோல் பக்கத்தின் கையிற் படலாகாது. உலாவியில் நாம் திறக்கும் பக்கம் பிறர் எழுதிய நிரல். அதனை எழுதியவரும் தம் நிரலுள்ளே வேறு பலர் எழுதிய நூலகங்களைப் பத்தும் நூறுமாகச் சேர்த்திருப்பர். அத்தனை பேரையும் நம்பித் திறவுகோலைக் கொடுப்பது, சந்தையின் நடுவே பெட்டகத்தைத் திறந்து வைத்தலை ஒக்கும். கடவுச்சொல்லுக்கும் கையொப்பத்திற்கும் உள்ள வேறுபாடும் இதுவே. கடவுச்சொல்லை ஓரிடத்திற் கொடுத்தால் இரகசியமே கையை விட்டுப் போய்விடுகின்றது. கையொப்பத்திலோ இரகசியம் வீட்டிலிருக்க, அதன் சான்று மாத்திரம் வெளியே செல்கின்றது.

2016 இல் வெளிவந்த மெற்றாமாஸ்க் என்னும் உலாவி நீட்சி இப்பிரிவினையைப் பலரும் பயன்படுத்தும் வடிவிலே தந்தது. நீட்சியின் நிரல் உலாவிக்குள்ளேயே ஓடினும், பக்கத்தின் நிரல் எட்டாத தனியறையில் ஓடுகின்றது. இரண்டு அறைகளுக்கும் நடுவே சுவர். சுவரிலே ஒரு கருமபீடம். பக்கம் அக்கருமபீடத்தில் ஒரு சீட்டை நீட்டலாம்; உள்ளே எட்டிப் பார்த்தல் இயலாது. சீட்டைப் பெற்ற பணப்பை உரியவரிடம் காட்டி, அவர் இசைந்தாற் கையொப்பமிடும். இசையாவிடின் மறுப்பைத் திருப்பியனுப்பும். ஜாவாஸ்கிரிப்ற் மொழியில் இக்கருமபீடத்துக்கு 'விண்டோ.எதீரியம்' என்று பெயர். சீட்டை நீட்டும் செயலுக்கு 'ரிக்குவெஸ்ட்' என்று பெயர். அதன் இலக்கணம் 2018 இல் முன்மொழியப்பட்ட ஈ.ஐ.பி. 1193 என்னும் பத்திரத்திற் கூறப்பட்டுள்ளது. பணப்பை வேறு வேறாயினும் கருமபீடம் ஒரே வகையினதாக இருத்தலின், ஒரு முறை எழுதிய பக்கம் பலவகைப் பணப்பைகளோடும் பேசவல்லதாகின்றது.

முதலில் நீட்டப்படும் சீட்டு இணைப்புக்கானது. 'உமது முகவரி யாது?' என்று பக்கம் கேட்கின்றது. ஆரம்ப ஆண்டுகளில் இதனைக் கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. பக்கத்தைத் திறந்த மாத்திரத்தே முகவரி அதற்குத் தெரிந்தது. வந்தவர் எவர், அவர் கணக்கில் எவ்வளவு என்பதை எந்தப் பக்கமும் அறிந்துகொள்ளும் அந்நிலை தகாதெனக் கண்டு, அனுமதி பெற்றே முகவரி பெறவேண்டும் என்னும் விதியை 2018 இல் ஈ.ஐ.பி. 1102 முன்மொழிந்தது. பணப்பைகளும் அதனை ஏற்றன.

இணைத்தல் என்னும் இச்செயலைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கின்றனர். இணைப்பினாற் பக்கத்துக்குக் கிடைப்பது முகவரி மாத்திரமே. ஒரு சதமேனும் எடுக்கும் அதிகாரம் அதனாற் பிறப்பதில்லை. எனினும் முகவரி தெரிந்தால் அதன் பழைய கொடுக்கல் வாங்கல் அனைத்தும் பேரேட்டிலே வாசிக்கக் கிடக்கும் என்பதை மறத்தலாகாது. இணைக்கும்போது அஞ்சி நடுங்குவோர் சிலர், அதன்பின் வரும் கையொப்பப் பெட்டியைப் பாராமலே அழுத்திவிடுகின்றனர். அஞ்சவேண்டிய இடம் அதுவன்றோ! பக்கத்தில் உள்ள 'இணைப்பை நீக்குக' என்னும் பொத்தானும் பெரும்பாலும் பக்கம் தானே எம்மை மறந்ததாகக் காட்டிக்கொள்வது மாத்திரமே. கொடுத்த அனுமதியை மீட்க விரும்புவோர் பணப்பைக்குள்ளேயே சென்று மீட்பது உத்தமம்.

இனி உறுதி எழுதப்படும் முறையைக் காண்பாம். பக்கம் நீட்டும் சீட்டிலே முக்கியமாக மூன்று விடயங்கள் உண்டு: எம்முகவரிக்கு, எவ்வளவு ஈதர், எத்தரவு. தொகை 'வெய்' என்னும் சிற்றலகிற் குறிக்கப்படும். ஓர் ஈதர் 10 இன் 18 ஆம் அடுக்கு வெய் ஆகும். தரவு என்பது எதிரே இருக்கும் ஒப்பந்த நிரலுக்கு இடும் கட்டளை. மனிதக் கண்ணுக்கு அது பதினறும இலக்கங்களின் நெடுஞ்சரமாகவே தோன்றும். பணப்பை தன் பங்கிற் கட்டணத்தையும் வரிசையெண்ணையும் சங்கிலியெண்ணையும் சேர்க்கின்றது. வரிசையெண் உள்ளமையால் ஒரே காசோலையை இருமுறை மாற்ற இயலாது. சங்கிலியெண்ணுக்கு ஒரு சிறு வரலாறு உண்டு. 2016 யூலையில் எதீரியம் இரண்டாகப் பிரிந்தபோது, ஒரு கிளையில் இட்ட கையொப்பம் மற்றக் கிளையிலும் செல்லுபடியாயிற்று. இங்கே கொடுத்தவர் அங்கேயும் கொடுத்தவராயினர். அதனைத் தடுக்கவே ஈ.ஐ.பி. 155 வகுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலே நடைமுறைக்கு வந்தது. எதீரியத்தின் பிரதான சங்கிலிக்கு எண் 1.

இவை யாவும் ஒரு நிரையாக அடுக்கப்பட்டு, கெக்காக் 256 என்னும் சுருக்க முறையால் 32 பைற்று நீளச் சாரமாக்கப்படுகின்றன. அச்சாரத்தின் மீதே திறவுகோல் கையொப்பமிடுகின்றது. ஓரெழுத்து மாறினும் சாரம் முற்றாக மாறும். எனவே கையொப்பமிட்ட பின் உறுதியைத் திருத்துதல் எவர்க்கும் இயலாது. கையொப்பம் இட்ட பணப்பையே அதனைப் பேரேட்டுக் கணினியொன்றுக்கு அனுப்பிவிட்டு, பக்கத்துக்கு 64 பதினறும இலக்கங்கள் கொண்ட ஓர் இலக்கத்தைத் திருப்பித் தருகின்றது.

கணினி பயிலும் எமது மாணவர் பெரும்பாலும் இடறுவது இவ்விடத்திலேதான். இலக்கம் கிடைத்தவுடன் 'நிறைவேறியது' என்று திரையிலே எழுதிவிடுகின்றனர். அவ்விலக்கம் தபாற்கந்தோரிற் கொடுத்த பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டுப் போல்வது. கடிதம் போய்ச் சேர்ந்தமைக்குச் சான்றாகாது. பேரேட்டிற் பதிவாகும்வரை காத்திருந்து, பதிவின் நிலையைக் குறிக்கும் எண் 1 ஆக உள்ளதா 0 ஆக உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். 0 எனின் கட்டணம் போயிற்று, காரியம் ஆகவில்லை என்பது பொருள். மேலும், உரியவர் மறுத்துவிட்டாற் கருமபீடம் 4001 என்னும் எண்ணைத் திருப்பும். அதனைப் பிழையெனக் கொண்டு சிவப்பு எழுத்தில் அலறுவதும், மீண்டும் மீண்டும் அதே பெட்டியை எழுப்பி வற்புறுத்துவதும் நாகரிகமாகா. மறுத்தல் உரியவரின் உரிமை.

பேரேட்டிற் பதியாத கையொப்பமும் உண்டு. 'இம்முகவரி என்னுடையதே' எனப் பக்கத்துக்கு நிரூபிக்க ஒரு செய்தியின் கீழ்க் கையொப்பமிட்டுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. பழைய முறையொன்றிலே பக்கம் 32 பைற்றுச் சாரம் ஒன்றைக் கொடுக்க, பணப்பை அதன் பொருள் அறியாது கையொப்பமிட்டது. அச்சாரம் ஒரு முழுக் கொடுப்பனவின் சாரமாகவும் இருத்தல் கூடும்! வெற்றுக் கடதாசியிற் கையொப்பம் என்று முன்னோர் எதனை அஞ்சினரோ அதுவே இது. மெற்றாமாஸ்க் அம்முறையை முதலில் மறைத்து வைத்து, பின்னர் அகற்றியேவிட்டது. ஈ.ஐ.பி. 191 செய்தியின் முன்னே ஒரு முகவுரையைக் கட்டாயமாகச் சேர்த்து, செய்தி கொடுப்பனவாக மாறாதபடி செய்தது. 2017 இல் முன்மொழியப்பட்ட ஈ.ஐ.பி. 712 மேலும் ஒருபடி சென்று, இன்ன புலத்தில் இன்ன பெறுமதி என்று பெயரிட்டு வகுத்த தரவுக்குக் கையொப்பமிடச் செய்தது. கையொப்பத்தாற் பக்கத்திற் புகும் முறைக்கு வகுத்த ஈ.ஐ.பி. 4361 இலோ பக்கத்தின் பெயர், நேரம், ஒருமுறை மாத்திரம் பயன்படும் எண் ஆகியன செய்தியிலேயே இடம்பெறுகின்றன. படிப்படியான இவ்வளர்ச்சியிலே ஒரே நோக்கம் ஊடுருவி நிற்கக் காணலாம்: பணப்பையை உறுதி வாசிக்கும் நொத்தாரிசு ஆக்குதல்.

ஆயினும் கட்டணம் இல்லையெனின் ஆபத்தும் இல்லை என்று கொள்வது பேதைமை. எதீரியத்திலே டோக்கன் எனப்படும் நாணயங்களைக் கையாளும் ஒப்பந்தங்களில், எமக்காக வேறொருவர் அவற்றை எடுத்துச் செலவிட அனுமதிக்கும் கட்டளை ஒன்று உண்டு. அதனை அற்றோணித் தத்துவம் என்றே எமது வாசகருக்குக் கூறலாம். பரிமாற்றப் பக்கமொன்றிலே 100 டோக்கன் மாற்ற வருபவர் 100 க்கு மாத்திரம் தத்துவம் கொடுத்தாற் போதும். ஆயின் ஒவ்வொரு முறையும் கட்டணம் செலுத்தும் தொல்லையைக் காட்டி, பக்கங்கள் பல எல்லையில்லாத் தத்துவத்தையே கேட்டு வந்தன. அவ்வெல்லை எண்ணை எழுதினால் 78 இலக்கங்கள் வரும். இன்றைய தேவை முடிந்தபின்னும் அத்தத்துவம் நீக்கப்படும்வரை உயிரோடிருக்கும். நாளை அந்த ஒப்பந்தத்திற் குறை காணப்பட்டால் இன்று கொடுத்தவரின் பொருளும் போம். ஈ.ஐ.பி. 2612 வந்தபின், அதனை ஏற்ற டோக்கன்களில் இத்தத்துவத்தைக் கட்டணமின்றி வெறுஞ் செய்திக் கையொப்பத்தாலேயே கொடுக்கலாயிற்று. வசதி பெரிது, திருடர்க்கும் அவ்வசதி பெரிதாயிற்று. 'உள்ளே புகக் கையொப்பமிடுக' என்று எழுதிய போலிப் பக்கத்தின் பெட்டியிலே, உள்ளபடி இருப்பது அற்றோணித் தத்துவமாக இருத்தல் கூடும்.

இடையே இரு சிறு விடயங்கள். ஒரே உலாவியில் இரண்டு மூன்று பணப்பைகளை வைத்திருப்போர், யாவும் ஒரே கருமபீடப் பெயருக்குப் போட்டியிட்டு ஒன்றையொன்று மறைப்பதைக் கண்டிருப்பர். 2023 இல் வந்த ஈ.ஐ.பி. 6963, ஒவ்வொரு பணப்பையும் தன் பெயரையும் சின்னத்தையும் பக்கத்துக்கு அறிவிக்க, உரியவர் விரும்பியதைத் தெரியும் வழியைச் செய்தது. தொலைபேசியிற் பணப்பை வைத்திருப்போர்க்கு 2018 இல் தோன்றிய வொலற்கொனெக்ற் முறை உதவுகின்றது: பக்கம் காட்டும் கட்டக் குறியைத் தொலைபேசியின் கமரா படித்ததும், இடையிலுள்ள அஞ்சற் கணினி வழியாக, அதுவும் வாசிக்க இயலாத மறைமொழியிற் சீட்டுகள் போய்வருகின்றன.

இத்தனை சுவரும் கருமபீடமும் இருந்தும் பொருள் களவு போவதேன்? திறவுகோலைத் தொடாமலே திருடலாம் என்பதைத் திருடர் கண்டுகொண்டமையே காரணம். உறுதி எழுதுபவரை வசப்படுத்தினாற் போதுமன்றோ! 2021 டிசம்பரில் பட்ஜர் டாவோ என்னும் சேவையின் பக்கத்திலே எவரோ புகுத்திய நிரல், வழக்கமான சீட்டுகளோடு அற்றோணித் தத்துவச் சீட்டையும் சேர்த்து நீட்டியது. பக்கம் அசல், முகவரி அசல், பொத்தானும் அசல். ஏறக்குறைய 12 கோடி டொலர் போயிற்று. 2023 டிசம்பர் 14 ஆந் திகதி லெட்ஜர் நிறுவனம் வெளியிட்டு வந்த இணைப்பு நூலகத்துள், முன்னாள் ஊழியர் ஒருவரை ஏமாற்றி அவரது கணக்கினூடாக நச்சு நிரல் புகுத்தப்பட்டது. அந்நூலகத்தைப் பயன்படுத்திய பக்கங்கள் பல, தாம் ஒரு பிழையும் செய்யாமலே திருடரின் கருவிகளாயின. ஏறக்குறைய 5 மணித்தியாலத்துள் அது அகற்றப்பட்டமையால் இழப்பு ஏறக்குறைய 6 இலட்சம் டொலருடன் நின்றது.

இவற்றினும் பெரிது 2025 பெப்ரவரி 21 ஆந் திகதி பைபிற் என்னும் பரிமாற்று நிலையத்துக்கு நேர்ந்தது. அந்நிலையம் தன் பெருநிதியை ஒருவர் கையொப்பத்தால் எடுக்கவியலாதபடி, பலர் கையொப்பமிட்டாலே திறக்கும் சேவ் என்னும் ஒப்பந்தப் பணப்பையில் வைத்திருந்தது. கையொப்பமிடுவோர் தனிக்கருவிகளில் திறவுகோல்களை வைத்திருந்தனர். இதனினும் பெரிய காவலை எவர் எண்ணுவர்? ஆயின் சேவ் பக்கத்தைப் பராமரிப்போர் ஒருவரின் கணினி வசப்படுத்தப்பட்டு, அப்பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ற் நிரல் மாற்றப்பட்டிருந்தது. மாற்றமும் பைபிற் நிலையத்தின் கணக்கைக் கண்டாலன்றி விழித்தெழாத தந்திரமுடையது. திரையிலே வழக்கமான உள்ளிடமாற்றம் தோன்றியது. கருவிக்கோ வேறு உறுதி சென்றது. அவ்வுறுதி பணத்தை மாற்றவில்லை. பணப்பையை ஆளும் நிரலையே திருடரின் நிரலாக மாற்றியது. கருவியின் சிறு திரையிற் காட்டப்பட்ட இலக்கச்சரத்தைக் கொண்டு இவ்வேறுபாட்டை அவர்கள் காணக்கூடவில்லை. ஒருவர்பின் ஒருவராகக் கையொப்பமிட்டனர். ஏறக்குறைய 150 கோடி டொலர் பெறுமதியான ஈதர் மறைந்தது. அமெரிக்க சமஷ்டிப் புலனாய்வுத் திணைக்களம் சில நாள்களுள் இதனை வடகொரியாவின் செயலென அறிவித்தது. திறவுகோல் ஒன்றேனும் களவு போகவில்லை; கையொப்பங்கள் யாவும் உண்மையானவை. உறுதியை வாசித்துக் காட்டியவரே எழுதியவராகவும் இருந்தமைதான் குற்றம்.

ஆகவே இன்று இத்துறையில் உழைப்போர் வாசிக்கும் வேலையைப் பக்கத்திடமிருந்து பறித்துப் பணப்பையிடம் கொடுக்க முயல்கின்றனர். கையொப்பத்துக்கு முன்னரே உறுதியை ஒத்திகை நடத்திப் பார்த்து, 'இதனால் உம்மிடமிருந்து இன்னது போகும், இன்னது வரும்' என்று சொல்லும் பணப்பைகள் வந்துள்ளன. 2024 இல் முன்மொழியப்பட்ட ஈ.ஆர்.சி. 7730, ஒப்பந்தக் கட்டளைகளைத் தனிக்கருவியின் திரையில் மனித மொழியிலே காட்டுதற்கான வரைவு. ஒத்திகையையும் ஏமாற்றும் ஒப்பந்தங்கள் உள, வேலை முடிந்துவிடவில்லை. எமக்கோ, இப்பெட்டிகள் தமிழிலும் தெளிவாகப் பேசுதல் வேண்டும் என்னும் ஆசையும் உண்டு. விளங்காத மொழியில் வாசித்த உறுதி வாசியாத உறுதியே.

பழைய மாணவருட் சிலர், 'இதில் முதலிடலாமா?' என எம்மைக் கேட்பர். அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இலங்கை மத்திய வங்கி 2022 இலும் இத்தகைய நாணயங்கள் குறித்துப் பொதுமக்களை எச்சரித்தது என்பதை மாத்திரம் நினைவூட்டுகின்றோம். ஏற்கெனவே வைத்திருப்போர்க்குச் சொல்லத்தக்கன சில. 12 சொற்களை எந்தப் பக்கமும், எந்த உதவியாளரும் கேட்க நியாயம் இல்லை, கேட்பவர் திருடரே. பெருந்தொகை கிடக்கும் முகவரியோடு புதுப் பக்கங்களை இணையாது, சிறுதொகை வைத்த வேறு முகவரியோடு இணைக்கலாம். தத்துவம் கேட்கும் பெட்டியிலே தொகையைத் திருத்த இடமிருப்பின் வேண்டிய அளவுக்குத் திருத்துக. முன் கொடுத்தவற்றை இடையிடையே பார்த்து நீக்குக. பெட்டியில் உள்ளது விளங்காவிடின் மறுப்பதனால் ஒரு சதமும் குறையாது.

பக்கங்களை எழுதப் புகும் மாணவர்க்குப் பெறுமதியற்ற ஈதரோடு ஓடும் பரீட்சைச் சங்கிலிகள் உண்டு. அங்கே எத்தனை பிழை விட்டாலும் எவர் வீட்டு அடுப்பும் அணையாது. பயன்படுத்தும் நூலகங்களின் பதிப்பை எண் குறித்துக் கட்டிவைத்து, புதுப்பதிப்பு வந்தவுடன் தானே புகாதபடி செய்க. பொத்தானை உரியவர் அழுத்துமுன் எந்தச் சீட்டையும் நீட்டற்க. முதல் நாட் பரீட்சையாகக் கொடுப்பனவு ஒன்றை அனுப்பிப் பார்ப்பதினும், பெட்டி தோன்றியதும் 'மறுக்க' என்பதை அழுத்தி, 4001 திரும்பி வருகின்றதா, பக்கம் அதன்பின் அமைதியாக இருக்கின்றதா என்று பார்த்தல் நன்று.